ஈய எழுத்து, பேஜ்மேக்கர், பிரவுசர்: நாற்பதைத் தாண்டி வலைத்தளத் தொழிலுக்கு வருகிறவர்கள்

130 பக்கம் வரும் ஒரு கவிதைத் தொகுப்பு. ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கக் கட்டுக்கு ஃபாரம் என்று பெயர், ஒரு ஃபாரத்துக்கு 16 பக்கம். மொத்தம் எத்தனை ஃபாரம்? வகுத்துப் பார்த்தால் 8.125 என்று வரும். அச்சகத்தில் ஆறு மாதம் இருந்த பையன்கூட அந்த விடையைச் சொல்ல மாட்டான். எட்டு ஃபாரத்தில் 128 பக்கம் அடங்கிவிடும். மிச்சமிருக்கும் 2 பக்கத்துக்காகத் தனி பிளேட் போட வேண்டும், மெஷினை மறுபடி ஏற்ற வேண்டும், பைண்டர் அந்த ஒற்றைத் தாளைத் தனியாக ஒட்ட வேண்டும். அதனால் அவன் ஆசிரியரிடம், "சமர்ப்பணத்தையும் நன்றியையும் ஒரே பக்கத்துல போட்டுடலாமா சார்? கடைசி வெத்துப் பக்கத்தை எடுத்துட்டா 128ல முடிஞ்சிடும்" என்று பேச்சைத் தொடங்குவான்.

43 வயதில் நான் எழுதிய, பிறருக்குப் பயன்பட்ட முதல் புரோகிராம் இந்தக் கணக்கைப் போடுவதுதான். பக்க எண்ணிக்கை, தாளின் அளவு, ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை), பிரதிகள் ஆகியவற்றைக் கொடுத்தால் எத்தனை ரீம், எத்தனை கிலோ, எவ்வளவு கழிவு என்று சொல்லும் ஒரு வலைப்பக்கம். 23க்கு 36 அங்குலத் தாள், 60 ஜிஎஸ்எம், 500 தாள் கொண்ட ரீம் என்றால் எடை 16 கிலோ. இந்த எண்ணை எனக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பிரவுசருக்குள் ஓடும் புரோகிராம் மொழியான ஜாவாஸ்கிரிப்ட்டைத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. ஃபாரம் முழு எண்ணாக வராதபோது "2 பக்கம் குறைக்க முடியுமா என்று பாருங்கள்" என ஒரு வரி காட்டும்படி எழுதியிருந்தேன். அதைப் பார்த்த ஒரு அச்சக முதலாளி, "இதை எழுதினவருக்கு அச்சு வேலை தெரியும்போல" என்றார். வலைத்தளத் தொழிலில் எனக்குக் கிடைத்த முதல் வாடிக்கையாளர் அவர்.

நடுவயதில் தொழில் மாறுவதைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது இந்த ஒரு நிகழ்ச்சியிலேயே இருக்கிறது. இருபது ஆண்டு பார்த்த வேலையை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, 22 வயதுப் பட்டதாரிகளோடு அதே வரிசையில் போய் நிற்பதுதான் மாற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். வங்கி, பள்ளி, கால்சென்டர், டிடிபி கடை, மருந்துக்கடைக் கணக்கு, பிள்ளை வளர்ப்புக்காக விட்ட வேலை என்று எங்கெங்கோ இருந்து வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "இந்த வயசுல இனிமே முடியுமா?" என்பது. அதைவிட முக்கியமானது எந்த வாசல் வழியாக நுழைகிறோம் என்பது.

இதே தெருவில் இப்படியொரு மாற்றம் முன்பே நடந்திருக்கிறது. திருவல்லிக்கேணி, ராயப்பேட்டை சந்துகளில் ஈய எழுத்துப் பெட்டிகள் இருந்த காலத்தின் கடைசியில்தான் நான் தொழிலுக்கு வந்தேன். கம்பாசிட்டர்கள் நின்றபடி கேஸிலிருந்து ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி வரி கட்டுவார்கள். 1990களில் கணினி வந்தது, பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருள் வந்தது, ஆஃப்செட் பரவியது. சில ஆண்டுகளில் அந்தப் பெட்டிகள் எடைக்குப் போயின. கம்பாசிட்டர்களில் பலர் தொழிலையே விட்டார்கள். சிலர் நாற்பத்தைந்து வயதுக்கு மேல் கீபோர்டு முன்னால் உட்கார்ந்தார்கள்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணாச்சி அவர்களில் ஒருவர். தட்டச்சில் என் வேகத்தில் பாதிகூட அவருக்கு வராது. மவுஸைப் பிடிக்கவே ஒரு மாதம் பழகினார். ஆனால் நான் அடித்து முடித்த பக்கத்தை எட்டி நின்று ஒருமுறை பார்த்துவிட்டு, "மூணாவது பத்தில ஒரு 'க்' போச்சு தம்பி" என்பார். புள்ளி வைத்த எழுத்தில் ஒரு வரி தொடங்கியிருந்தால் அவர் கண் அங்கேயே நின்றுவிடும். "மெஷின் மாறிப்போச்சு, ஒற்று மாறலையே தம்பி" என்று ஒருநாள் சொன்னார். வேகமாக அடிக்கத் தெரிந்த இளைஞர்கள் அந்தக் கடையில் நாலைந்து பேர் இருந்தோம். பதிப்பாளர்கள் அவரைத் தேடித்தான் வந்தார்கள்.

வலைத்தள வேலைக்கு மட்டும் வெளியாட்கள் இப்படி வந்து சேர முடிவது ஏன் என்பதைக் கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்க்க வேண்டும். மருத்துவம், வழக்கறிஞர் தொழில், ஆடிட்டர் தொழில் எல்லாவற்றுக்கும் நுழைவில் சட்டப்படியான ஒரு கதவு உண்டு. வலைக்கு அது கிடையாது. டிம் பெர்னர்ஸ்-லீ 1989ல் ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் இதற்கான முன்மொழிவை எழுதியபோது, இயற்பியலாளர்கள் தங்கள் ஆவணங்களைப் பகிர்ந்துகொள்வதுதான் நோக்கம். அவர்களில் எல்லோரும் புரோகிராமர்கள் இல்லை. ஆகவே ஹெச்டிஎம்எல் என்ற குறிமொழி, யாரும் ஒரு மாலையில் பழகிக்கொள்ளக்கூடிய அளவுக்கு எளிமையாக அமைந்தது. 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் இந்தத் தொழில்நுட்பத்தை யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று பொதுவில் விட்டது. உரிமத்தொகை கேட்டிருந்தால் இன்றைக்கு என்னைப் போன்றவர்கள் இந்தப் பக்கம் தலைகாட்டியிருக்க முடியாது.

இன்னொரு காரணம் பிரவுசரின் பெருந்தன்மை. ஹெச்டிஎம்எல்லில் ஒரு குறியை மூட மறந்தாலும் பிரவுசர் பக்கத்தைக் காட்ட மறுக்காது, தன்னால் முடிந்தவரை ஊகித்துக் காட்டும். கற்கிறவருக்கு முதல் நாளிலேயே கண்ணெதிரே ஏதோ ஒன்று தெரிகிறது. மற்றவர் செய்த பக்கத்தின் மூலத்தையும் திறந்து படிக்கலாம். ஒரு தலைமுறை வலைத்தளக்காரர்கள் அப்படித்தான் கற்றார்கள். இன்றைய பெரிய தளங்களின் மூலம் சுருக்கப்பட்டுப் படிக்க முடியாததாக இருந்தாலும், பிரவுசரிலேயே இருக்கும் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து எந்தக் கட்டம் எங்கே நிற்கிறது, எவ்வளவு இடைவெளி என்று இப்போதும் பார்க்கலாம். புடைவைக் கடையில் துணியைப் புரட்டி உள்பக்க நெசவைப் பார்க்க விடுவது மாதிரி.

நடுவயதுக்காரருக்கு இதைவிட முக்கியமான ஒரு குணம் வலைக்கு உண்டு. பழையது இங்கே லேசில் சாவதில்லை. செர்னின் முதல் வலைப்பக்கம் இன்றைய பிரவுசரிலும் திறக்கிறது. பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் 1994ல் முன்மொழியப்பட்டது. ஜாவாஸ்கிரிப்ட்டை 1995 மே மாதம் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் எழுதினார், அவசரத்தின் தழும்புகள் இன்னும் அதில் இருக்கின்றன. ஹெச்டிஎம்எல்லையும் சேர்த்து இந்த மூன்றும் முப்பது ஆண்டுகளாக அடித்தளமாக இருக்கின்றன. அவற்றின் மேலே கட்டிய ஆயத்தக் கருவிகள்தான் மாறிக்கொண்டே இருந்தன. 2006ல் ஜேகுவெரி, 2010ல் ஆங்குலர்ஜேஎஸ், 2013ல் ரியாக்ட், 2014ல் வியூ. இருபது வயதில் இருப்பவர் இவற்றில் ஒன்றைத் துரத்தி, தவறினால் அடுத்ததைத் துரத்தலாம். நமக்கு மாலை நேரங்கள் எண்ணிக்கைக்குள் இருக்கின்றன. என் அனுபவத்தில் முதல் ஓராண்டின் பெரும்பகுதியை அந்த அடித்தளத்தில் போட்டவர்கள்தான் நிலைத்திருக்கிறார்கள். ரியாக்ட் வகுப்பில் நேராகப் போய்ச் சேர்ந்து, ஒரு பட்டன் ஏன் வலப்பக்கம் நகர மறுக்கிறது என்று தெரியாமல் மனம் விட்டுப்போனவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

கதவு திறந்திருக்கிறது என்பது கற்பதற்கு. வேலைக்கு எடுப்பது வேறு கதை. தமிழ்நாட்டில் கணினி வேலை என்றாலே மனதில் வருவது ஓஎம்ஆர் சாலையின் பெரிய சேவை நிறுவனங்கள். அவை புதியவர்களை எடுப்பது பெரும்பாலும் கல்லூரி வளாகத்திலிருந்து. எந்த ஆண்டு தேர்ச்சி, பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டிலும் எத்தனை சதவீதம், படிப்பில் எத்தனை ஆண்டு இடைவெளி என்று வடிகட்டும் படிவம் அது. 44 வயதுக்காரரின் விண்ணப்பம் மனிதக் கண்ணுக்கு வரும் முன்பே கழிந்துவிடும். அதில் அவருடைய திறமை குறைவு ஒன்றுமில்லை, அந்தச் சல்லடையின் கண் அளவு அப்படி. தப்பித் தவறிக் கிடைத்தாலும் தொடக்கச் சம்பளம் பல ஆண்டுகளாக வருடத்துக்கு 3 முதல் 4 லட்சம் என்ற அளவிலேயே நிற்கிறது. வீட்டுக்கடன், பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், பெற்றோரின் மருந்துச் செலவு எல்லாம் இருக்கும் வீட்டுக்கு அது போதாது.

உள்ளே இருக்கும் அனுபவசாலிகளுக்கே இப்போது நிலைமை இறுக்கம். 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம், ஏறக்குறைய 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. பெரும்பாலும் நடுநிலை, மேல்நிலைப் பதவிகள். புதிதாக வருகிறவரை மலைக்கவைக்கும் செய்திதான். ஆனாலும் மறைத்துவிட்டு நம்பிக்கை ஊட்டுவது நேர்மை ஆகாது.

அப்படியானால் வேலை எங்கே இருக்கிறது? என் பார்வையில், பெயர்ப்பலகை பெரிதாக இல்லாத இடங்களில். பத்துப் பேர் உள்ள ஏஜென்சிகள், தனக்கென ஒரு ஆள் தேவைப்படும் மருத்துவமனை, பதிப்பகம், பள்ளி, ஏற்றுமதி நிறுவனம், தொண்டு நிறுவனம். உலகத் தளங்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் வேர்ட்பிரஸில் ஓடுகின்றன. 2003ல் வலைப்பதிவு எழுத வந்த மென்பொருள் அது. அதை ஒழுங்காகப் பராமரிப்பது, வேகமாக்குவது, ஹேக் ஆன தளத்தை மீட்பது, கடைக்காரர் படத்தைத் தானே மாற்றிக்கொள்ளும்படி அமைத்துத் தருவது எல்லாம் பளபளப்பில்லாத வேலைகள். வருமானம் மாதச் சம்பளம் மாதிரி ஒழுங்காக வராது, ஆனாலும் இங்கே வயதை யாரும் கேட்க மாட்டார்கள். சொன்ன நாளில் போனை எடுப்பவரா என்றுதான் கேட்பார்கள். இருபது ஆண்டு வாடிக்கையாளரைச் சமாளித்தவருக்கு அது இயல்பாகவே வரும்.

பணிக்கு நடுவே இடைவெளி விட்ட பெண்களுக்கு மட்டும் நிறுவனங்களே சில கதவுகளைத் திறந்து வைத்திருக்கின்றன. ஜோஹோவின் கற்றல் பள்ளிகள் நடத்தும் 'மறுபடி' பயிற்சி அப்படி ஒன்று. குடும்பத்துக்காக வேலையை விட்டு, திரும்ப வர நினைப்பவர்கள் அதைக் கேட்டு அறிந்துகொள்ள வேண்டும்.

இனிப் பணக்கணக்கு. இதைப் பேசாமல் "கனவைத் துரத்துங்கள்" என்று சொல்பவர்களிடம் எனக்குக் கோபமே வரும். கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டுக் கற்காதீர்கள். வேலையோடு கற்க முடியும், மெதுவாக. வார நாட்களில் தினம் ஒன்றரை மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை நாலு மணி நேரம் என்றால் வாரத்துக்குப் பதினொன்றரை மணி, ஆண்டுக்கு 600 மணிக்குக் கொஞ்சம் குறைவு. இலவசமாகக் கற்பிக்கும் ஃப்ரீகோட்கேம்ப் தன் சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் சுமார் 300 மணி நேரம் என்று கணக்கிட்டிருந்தது. அதை 2014ல் தொடங்கிய குயின்சி லார்சன் அதற்கு முன் கல்வித்துறையில் இருந்தவர், முப்பது வயதை ஒட்டித்தான் புரோகிராமிங் கற்றார். பக்க வடிவமைப்புக்கு ஒரு சான்றிதழ், ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு ஒன்று என்று கணக்கு வைத்தால், ஒரு குடும்பஸ்தருக்கு அது முழுதாக ஓராண்டு. "மூன்றே மாதத்தில்" என்ற விளம்பரம் தினம் எட்டு மணி நேரம் ஒதுக்க முடிகிற ஆளுக்கு எழுதப்பட்டது.

வேலையை விடுகிற தேதியிலும் பணம் இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் ஐந்தாண்டு தொடர்ந்து வேலை பார்த்தால் பணிக்கொடை உண்டு, ஓராண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம் வீதம். நாலரை ஆண்டில் ஆர்வ மிகுதியில் விலகினால் அது கைக்கு வராமல் போகலாம். நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீடு விலகும் நாளோடு முடியும். நாற்பதுக்கு மேல் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால், புதிய பாலிசியில் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் 36 மாதம் வரை போகலாம். ஆகவே வேலையில் இருக்கும்போதே குடும்பத்துக்கென ஒரு பாலிசியை எடுத்துவிட்டால் அந்தக் காத்திருப்பு இப்போதே ஓடத் தொடங்கிவிடும். தனியாகத் தொழில் தொடங்குகிறவர்கள் ஜிஎஸ்டி என்றதும் பயப்படுகிறார்கள். சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை பொதுவாகப் பதிவே தேவைப்படாது. என் முதல் தளத்துக்கு நான் வாங்கியது 8,000 ரூபாய். அச்சகத்தில் பழகியபடி பாதியை முன்பணமாகக் கேட்டேன், யாரும் தயங்கவில்லை.

பயிற்சி நிலையங்களைப் பற்றி எச்சரிக்காமல் போக முடியவில்லை. "100 சதவீத வேலை உறுதி" என்ற பலகைக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு கடன் படிவம் இருக்கிறது. மாதத் தவணை என்று சொல்லிக் கையெழுத்து வாங்குவது நிதி நிறுவனம் ஒன்றிடம் உங்கள் பெயரில் எடுக்கும் கடனாக இருக்கலாம். வகுப்பு பிடிக்காமல் நின்றாலும் தவணை நிற்காது. கையெழுத்துப் போடும் முன் அந்தத் தாளில் கடன் கொடுப்பவர் யார் என்ற வரியைத் தேடிப் படியுங்கள். இது நம் ஊர் நோய் மட்டும் அல்ல. 2012ல் சான்பிரான்சிஸ்கோவில் வகுப்பு தொடங்கிய டெவ் பூட்கேம்ப் பல நகரங்களில் இந்த மாதிரிப் பள்ளிகள் முளைக்க வழிகாட்டியது, 2017ல் அதுவே மூடிவிட்டது. லாம்டா ஸ்கூல் என்று தொடங்கிப் பின்னர் ப்ளூம்டெக் ஆன பள்ளியின் மீது 2024 ஏப்ரலில் அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு நடவடிக்கை எடுத்தது. படித்தவர்களில் 71 முதல் 86 சதவீதம் பேருக்கு வேலை என்று விளம்பரம். பள்ளியின் உள்கணக்கில் அது 50 சதவீதத்தை ஒட்டியே இருந்ததாகவும், சில வகுப்புகளில் 30 வரை இறங்கியதாகவும் அந்த அமைப்பு சொன்னது.

பட்டம் ஒன்று கையில் வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு ஐஐடி மெட்ராஸ் 2020ல் தொடங்கிய இணையவழிப் பட்டப்படிப்பு இருக்கிறது. பெயர் தரவு அறிவியல் என்றாலும் அதன் டிப்ளமோ நிலையில் வலைச் செயலிகளைக் கட்டும் பாடங்கள் உண்டு. வயது வரம்பு இல்லை, ஜேஇஇ தேவையில்லை. எளிதான படிப்பு இல்லை, கணக்கு கசக்கிப் பிழியும். தமிழில் தொடங்க விரும்பினால் கணியம் மின்னிதழ் 2012லிருந்து கட்டற்ற மென்பொருள் பற்றிய கட்டுரைகளையும் மின்னூல்களையும் இலவசமாக வெளியிட்டு வருகிறது. ஆங்கிலம் தடுத்ததால் நின்றுபோனவர்கள் முதல் படிக்கட்டை அதில் ஏறலாம். இரண்டாவது படியில் ஆங்கிலம் வேண்டும். ஆனால் அது பேசும் ஆங்கிலம் இல்லை, பிழைச் செய்தியைப் படித்துப் புரிந்துகொள்ளும் ஆங்கிலம். அதன் சொற்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் அடங்கிவிடும்.

மூளைக்கு வயதாகிவிட்டதே என்ற கவலை உண்மையில் பாதிதான் சரி. புதிய தகவலைக் கையாளும் வேகம் இருபதுகளிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குறையத் தொடங்குகிறது. சொல்வளமும் பழகிய துறையின் அறிவும் அறுபதை ஒட்டியும் வளர்கின்றன. இது உளவியலில் நெடுங்காலமாக உறுதிப்பட்டிருக்கும் விஷயம். எனக்கு நேற்றுப் படித்த கட்டளை இன்று மறந்துபோகும். மனப்பாடம் செய்வதை நான் விட்டுவிட்டேன். வலை மொழிகளின் விளக்கங்கள் இருக்கும் எம்டிஎன் ஆவணத்தைத் திறந்து ஒவ்வொரு முறையும் பார்ப்பேன். இருபது ஆண்டு அனுபவமுள்ளவர்களும் அதைத்தான் செய்கிறார்கள் என்று பின்னர்தான் தெரிந்தது. ஆனால் ஏற்கெனவே தெரிந்த ஒன்றோடு புதியது போய் ஒட்டிக்கொண்டால் அது மறக்கவே மறக்காது. 2017ல் முக்கிய பிரவுசர்களுக்கு சிஎஸ்எஸ் கிரிட் வந்தது. பக்கத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, எது எத்தனை நெடுவரிசை அகலம் என்று சொல்லும் முறை. எனக்கு அது பேஜ்மேக்கரில் தினம் போட்ட வழிகாட்டிக் கோடுகள்தான். வகுப்பில் இளைஞர்கள் அதற்குத் திணறியபோது எனக்கு ஒரே நாளில் கைவந்தது.

தமிழ் விஷயத்திலும் அப்படித்தான். ஜாவாஸ்கிரிப்ட்டிடம் 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் என்ன என்று கேட்டால் 5 என்று சொல்லும். நமக்கு அது மூன்றெழுத்து. எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யூனிகோட் குறியாக்கத்தில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகளாக அது சேமிக்கப்படுவதுதான் காரணம். ஒரு மேட்ரிமோனி படிவத்தில் "பெயர் 20 எழுத்துக்குள்" என்று வரம்பு வைத்து, கிருஷ்ணமூர்த்திகளும் திருநாவுக்கரசுகளும் இனிஷியலோடு தகப்பனார் பெயரையும் சேர்த்தவுடன் பாதியில் வெட்டுப்பட்டதை நானே பார்த்தேன். எழுதிய இளைஞருக்கு என்ன நடக்கிறது என்று பிடிபடவில்லை. டிஸ்கி, டாம், டாப் என்று ஆளுக்கொரு குறியாக்க எழுத்துருவில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றிக் கண் பூத்த எனக்கு, அது பார்த்தவுடன் தெரிந்தது. தமிழ்ச் சொல் நீளமானது. 360 பிக்சல் அகல மொபைல் திரையில் அது கட்டத்தை விட்டு வெளியே ஓடும். வரி இடைவெளியை ஆங்கிலத்துக்கு வைத்தபடி வைத்தால் மேல்வரியின் உகரக் காலும் கீழ்வரியின் ஈகாரக் குறியும் மோதிக்கொள்ளும். இதையெல்லாம் சரிசெய்யத் தெரிந்தவர்கள் குறைவு. நாளிதழ்களும் பதிப்பகங்களும் அரசுத் தளங்களும் தமிழில் இயங்கும்வரை அந்தக் கண்ணுக்கு வேலை இருக்கும்.

செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு இதைக் கற்பதில் பொருள் உண்டா என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். 2021ல் புரோகிராம் வரிகளை எழுதித் தரும் கிட்ஹப் கோபைலட் முன்னோட்டமாக வந்தது, 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வந்தது. எளிய பக்கம் ஒன்றை எழுதித் தரும் வேலை, புதியவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டே கற்ற வேலை, அதன் கைக்குப் பெரிதும் போய்விட்டது. இதில் இழப்பு உண்மையானது. வெறும் புரோகிராம் எழுதும் கையாக மட்டும் நுழைய நினைப்பவருக்கு இடம் சுருங்கிவிட்டது என்றே நினைக்கிறேன்.

சோதித்துப் பார்க்கலாம் என்று என் ஃபாரம் கணக்கை அப்படி ஒரு செயலியிடம் கொடுத்தேன். ஒரு நிமிடத்துக்குள் என் பக்கத்தைவிட அழகான பக்கம் வந்தது. 130 என்று போட்டேன். 8.125 என்று காட்டியது. ஃபாரம் பின்னமாக வராது என்று சொன்னதும் பணிவாக 9 என்று மாற்றியது. இரண்டு பக்கம் குறைக்க முடியுமா என்று கேட்கும் யோசனை அதற்கு வரவில்லை, மெஷின் ஓடத் தொடங்கும்போது மை சீராகும்வரை கழியும் தாள்களும் நினைவுக்கு வரவில்லை. நான் சொன்ன பிறகு எல்லாவற்றையும் செய்தது. சொல்ல ஒருவர் தேவைப்பட்டார். அதே செயலி இரவு பதினொரு மணிக்கு நான் நாலாம் முறையாக ஒரே சந்தேகத்தைக் கேட்டாலும் சலிக்காமல் விளக்குகிறது. வகுப்பில் கை தூக்கத் தயங்கும் நடுவயது மாணவருக்கு அது பெரிய துணை. ஒன்றை மட்டும் நானே எனக்கு விதித்துக்கொண்டேன்: அது தரும் வரிகளில் எனக்குப் புரியாத ஒரு வரியும் வாடிக்கையாளரின் தளத்துக்குப் போகக்கூடாது.

போன மாதம் ஒரு அம்மா தொடர்புகொண்டார். 47 வயது, கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றில் 22 ஆண்டாகக் கணக்கு எழுதுகிறவர். எட்டு மாதமாக இரவில் ஜாவாஸ்கிரிப்ட் படிக்கிறார். நகைக்கடனுக்கு நாள் கணக்கில் வட்டி போடும் பக்கம் ஒன்று எழுதியிருந்தார். 50,000 ரூபாய், 9 சதவீதம், 2025 பிப்ரவரி 1 முதல் மார்ச் 1 வரை. திரையில் வட்டி 382 ரூபாய் என்று வந்தது.

"345 தான் வரணும் அண்ணா. 37 ரூபா கூட வருது. எங்க தப்புன்னு மூணு நாளா தேடுறேன்" என்றார். பேரேட்டைப் பார்க்காமல், கால்குலேட்டரைத் தொடாமல் சொன்னார்.

தப்பு அந்த மொழியிலேயே இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட்டில் மாதங்கள் பூஜ்யத்திலிருந்து தொடங்கும், ஜனவரிதான் 0. அவர் பிப்ரவரிக்கு 2 என்றும் மார்ச்சுக்கு 3 என்றும் எழுதியிருந்தார். அது மார்ச் 1 முதல் ஏப்ரல் 1 வரை எண்ணி, 28 நாளுக்குப் பதில் 31 நாளுக்கு வட்டி போட்டிருந்தது. எந்த மாணவரும் முதல் ஆண்டில் செய்யும் பிழை. ஆனால் 382 என்ற எண்ணைப் பார்த்ததும் தப்பு என்று சொல்ல எத்தனை பேரால் முடியும்? பிழை எழும்பாமல், சிவப்பு எழுத்து எதுவும் வராமல், அந்தப் பக்கம் கவுன்டரில் உட்கார்ந்து ஆண்டுக்கணக்கில் ஒருவரிடம் கூடுதலாகவும் இன்னொருவரிடம் குறைவாகவும் வட்டி வாங்கியிருக்கும்.

மாதத்தில் ஒன்றைக் கழிக்கச் சொன்னேன். சில நொடி கழித்து, "345 ரூபா 21 காசு... வந்திடுச்சு அண்ணா" என்றார். நான் வாழ்த்தி வைக்கப்போனேன். அதற்குள் அவர், "இருங்க, லீப் வருஷம் பார்க்கலையே" என்று 2028 பிப்ரவரியைத் தட்டத் தொடங்கியிருந்தார்.